கூரைக்குக் கீழே ஒரு குடை

அவர் வரைந்த பிளானை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், இது தொழிற்சாலைக்கு உள்ளதா, கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார வைப்பதற்கு உள்ளதா என்று கேட்பார்கள். கேட்டதில் தப்பில்லை. மற்ற ஆர்க்கிடெக்டுகளின் தாளில் சுவர் இருக்கும், தூண் இருக்கும், அளவு இருக்கும், அழகுக்கு நாலு மரமும் ஒரு காரும் இருக்கும். இந்த அம்மாவின் தாளில் மரமும் காரும் இருக்காது. அதற்குப் பதில் பென்சிலில் பெயர்கள் இருக்கும். மெஷினுக்கு முன்னால் 'முத்துலட்சுமி'. லாரி வந்து நிற்கிற இடத்தில் 'சுடலை'. கொதிகலனுக்குப் பக்கத்தில் 'இங்கே ஒருத்தரும் நிற்கக் கூடாது' என்று ஒருமுறை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்.

பெயர் தெரியாமல் கோடு போட மாட்டார். முதலாளிமார் வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"இங்கன நிக்கப்போறது யாரு?"

"யாராவது ஒரு ஆளப் போடுவோம்மா."

"யாராவதுன்னு ஒரு ஆளு கிடையாது அண்ணாச்சி. பேரு சொல்லுங்க."

பாதி முதலாளிமாருக்குச் சொல்லத் தெரியாது. விசாரித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவார்கள். அதில் சிலர் அப்படியே வேறு ஆர்க்கிடெக்டிடம் போய்விடுவார்கள். எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் அந்தக் கட்டடத்துக்குக் கூரை போடுகிற வேலை எனக்கு வரவேண்டியது.

எனக்குப் பேட்டையில் வெல்டிங் பட்டறை. இரும்புத் தூண், உத்திரம், தகரக்கூரை என்று தொழிற்சாலைக்கு வேண்டியதைச் செய்து, கொண்டுபோய் நிறுத்திக் கொடுப்பேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் அவருடன் வேலை பார்த்தேன். அதில் பாதி நாள் சண்டை. மீதி நாள், அடுத்த சண்டைக்கு முந்தைய அமைதி. இப்போது அவர் எங்கெங்கோ பெரிய ஊர்களில் ஆலைகள் கட்டுகிறார். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஊருக்குள் யாரும் கூப்பிட்டதும் இல்லை. ஸ்டூலம்மா என்றால் இந்தப் பக்கம் முக்கூடலிலிருந்து அந்தப் பக்கம் திசையன்விளை வரைக்கும் தெரியும்.

அந்த ஸ்டூல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். எந்தப் பாத்திரக்கடை வாசலிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்களே, அது. அவருடைய சின்ன காரின் பின்சீட்டில் எப்போதும் கிடக்கும். ஒரு காலி மனையில் தொழிற்சாலை வரப்போகிறது என்றால், முதலில் அந்த ஸ்டூலைக் கொண்டுபோய், நாளைக்கு ஒரு தொழிலாளி நிற்கப்போகிற இடத்தில் போட்டு உட்காருவார். காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கிற நேரத்தில் உட்கார்ந்தால் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில்தான் எழுந்திருப்பார். தலையில் துண்டு கூடப் போட மாட்டார். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது, எப்போது தூசி பறக்கிறது என்று சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார்.

கைப்பையில் ஒரு ஊதுபத்திக் கட்டும் இருக்கும். ஒன்றைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். இதைப் பார்த்துவிட்டு, வாஸ்து பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இவர் ஏதோ பெரிய பூஜைக்காரி என்று நினைத்து வாயைத் திறக்காமல் போனார்கள். கங்கைகொண்டான் பக்கத்தில் ஒரு மனையில் அவர் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் பட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ரோட்டுக்கு நிலம் எடுக்க வந்த அதிகாரி என்று எவனோ சொல்லிவிட்டானாம். வேறொரு இடத்தில் உண்ணாவிரதம் என்று நினைத்து இரண்டு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எதற்காக உண்ணாவிரதம் என்று அவர்கள் சாயங்காலம் வரை கேட்கவே இல்லை.

அவர் திருநெல்வேலி டவுனில் பிறந்தவர். அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், சைவக் குடும்பம், வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். பெண் ஆர்க்கிடெக்ட் ஆனதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீடு கட்டுவாள் என்று நினைத்தார்கள். பூஜையறை எங்கே, அடுப்படி எங்கே என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். இவர் ஒரு வீடும் வரையவில்லை. ஏன் என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள வெயில் அடிச்சா நாற்காலிய நகட்டிப் போட்டுக்கிடலாம் அண்ணாச்சி. மெஷினுக்கு முன்னால நிக்குத பொம்பள எங்க நகருவா?"

இதை அவர் எளிதாகச் சொல்லவில்லை. சொல்லும்போது முகம் வாடிவிட்டது. ஏனென்றால் இது படித்து வந்த பாடம் இல்லை. முக்கூடலில் பட்டு வந்தது.

முக்கூடல் அரிசி ஆலைதான் அவர் கட்டிய முதல் கட்டடம். வடக்கே ஒரு பெரிய நகரத்தில் படித்துவிட்டு வந்த புதிது. ஆலைக்கு ரம்பப்பல் மாதிரி ஒரு கூரை வரைந்தார். ஆறு பல். ஒவ்வொரு பல்லிலும் வடக்கே பார்த்த பக்கம் கண்ணாடி. வடக்கே கண்ணாடி வைத்தால் வெளிச்சம் வரும், வெயில் வராது, பகலில் ஒரு விளக்குப் போட வேண்டாம் என்றார். நான் அப்படிப்பட்ட கூரையை அதற்கு முன்னால் பார்த்தது இல்லை. தாளில் உள்ளபடி செய்து ஏற்றினேன்.

தை மாதம் ஆலை திறந்தார்கள். உள்ளே போய் நின்றபோது எனக்கே பெருமையாக இருந்தது. மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம், ஒரு இடத்திலும் கண் கூசவில்லை. மில் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கூரையைக் காட்டினார்.

பிறகு சித்திரை பிறந்தது. உச்சிவெயில் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கியது.

அரிசி கொட்டுகிற குழாய்க்குக் கீழே மூட்டையை நிறுத்தி, மேலே தொங்குகிற தையல் மெஷினால் வாய் தைக்கிற வேலை ஒன்று உண்டு. அங்கே நின்றது பேச்சியம்மா. குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர் நிற்க வேண்டும். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வெயில் நேராக அவர் உச்சந்தலையில் விழுந்தது. நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்காரரின் கறுப்புக் குடையைக் கொண்டுவந்து, பக்கத்துக் கம்பியில் கயிற்றால் கட்டி விரித்துவிட்டு, அதற்குக் கீழே நின்று தைக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். ஊர் சிரித்தது. இத்தனை பெரிய கூரையைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே குடை பிடிக்கிறார்கள் என்று பாபநாசம் போகிற பஸ்ஸில் கூடப் பேசினார்கள். நெல் கொண்டுவருகிறவர்கள் குடையைப் பார்த்துவிட்டுத்தான் எடை போடவே போனார்கள்.

செய்தி கேட்டு அவர் ஓடி வந்தார். நானும் போனேன். குடைக்குக் கீழே பேச்சியம்மா பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். கண்ணாடி வழியாகச் சூரியன் தெரிந்தது.

"வடக்க எப்படிம்மா வெயில் வருது?" என்று பேச்சியம்மாவிடமே கேட்டார். பாவம், அவ்வளவு குழம்பிப் போயிருந்தார்.

பேச்சியம்மாவுக்கு இப்படி ஒரு கேள்வியா என்று ஆச்சரியம். "சித்திரை பொறந்தா உச்சிப்பொழுது வடக்காமதானம்மா சாயும்? ஆவணி வரைக்கும் அப்படித்தான். எங்க வீட்டு வடக்குச் சுவரு கை வைக்க முடியாது. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. அவர் படித்த ஊரில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான் சாய்ந்து நிற்குமாம். புத்தகமும் அந்த மாதிரி ஊர்க்காரர்கள் எழுதியது. நம் ஊர் கன்னியாகுமரிக்குப் பக்கம். இங்கே சித்திரை முதல் தேதி உச்சிக்கு வருகிற சூரியன், பிறகு நாலு மாதத்துக்கு மேல் வடக்கே தள்ளித்தான் நிற்கிறது. வடகம் காயப்போடுகிற பெண்களுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் தோன்றவில்லை. அதை எதற்குச் சொல்வது என்று இத்தனை வருஷம் மறைத்துவைத்திருந்தேன், இப்போது சொல்லிவிட்டேன்.

அன்று முழுவதும் அவர் பேச்சியம்மா பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் மில் முதலாளி வந்தார்.

"எம்மா, ஒங்க படிப்புக்கு ஒரு கும்பிடு. எம் மில்லு ஊர் சிரிக்குது. நீங்க இனிமே இந்தக் கேட்டுக்கு உள்ள கால் வைக்கக் கூடாது."

"அண்ணாச்சி, தப்பு என்னோடதுதான். பத்து நாளுல சரி பண்ணித் தந்திடுதேன். கண்ணாடிக்கு மேல மூணடிக்குத் தகரத்த நீட்டினாப் போதும்."

"ஒண்ணும் நீட்ட வேண்டாம். குடை இருக்குல்லா, அது போதும். எல்லாரும் பாக்கட்டும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீரு என்ன வே சொல்லுதீரு? கூரை போட்டது நீருதான?"

நான் சொன்னேன்: "மொதலாளி, பிளான்ல உள்ளபடிதான் செஞ்சேன்."

அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கக் கூட இல்லை. "அவங்க சொல்லுதது சரிதான்" என்று மட்டும் முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அன்றைக்குத்தான் முக்கூடல் கடைத்தெருவில் அந்தச் சிவப்பு ஸ்டூலை வாங்கினார்.

மறுநாள் காலை என் பட்டறைக்கு வந்தார். கோபமாகப் பேசுவார் என்று பயந்தேன். ஒரு தாளை நீட்டினார். கண்ணாடிக்கு மேலே முறம் மாதிரி மூன்றடிக்கு நீட்டி நிற்கிற தகரச் சுளகு, தாங்கிக் கம்பியோடு. ஆறு பல்லுக்கு ஆறு.

"இத செஞ்சி வையுங்க அண்ணாச்சி."

"அவருதான் உள்ளயே விட மாட்டேங்காரே, எதுக்கும்மா?"

"செஞ்சி வையுங்க. என்னைக்காவது ஏத்துவோம். அந்தக் குடைய எறக்காம நான் இந்த ஊர விட்டுப் போகமாட்டேன்."

செய்தேன். ஆறு சுளகும் என் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றன. எட்டு வருஷம் நின்றன. அதற்குப் பின்னால் நாய் குட்டி போட்டது, பூனை குட்டி போட்டது. இடத்தை அடைக்கிறது, தூக்கி எடைக்குப் போடப்போகிறேன் என்று நான் சொல்லாத மாதம் இல்லை. ஒவ்வொரு பங்குனியிலும் அவர் வந்து நின்று, துரு ஏறாமல் செம்மண் நிறப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுவார். அடிப்பேன். முக்கூடல் பக்கம் எனக்கு வேலை இருந்தால் சாயங்காலம் போன் வரும்.

"குடை இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கும்மா."

பிறகு வேறு பேச்சுப் பேசுவார். ஆலை நன்றாகத்தான் ஓடியது. வெயில் அந்த முதலாளி தலையில் விழவில்லை, பேச்சியம்மா தலையில்தான் விழுந்தது. முதலாளிக்கு அது வீம்பு. இந்த அம்மாவுக்கு அது தூக்கம் கெடுக்கிற விஷயம்.

முதல் இரண்டு வருஷம் யாரும் அவரிடம் போகவில்லை. குடைக்கூரை போட்ட அம்மா என்றால் எவன் போவான்? மூன்றாவது வருஷம் சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கருப்பட்டி வியாபாரி, வேறு ஆள் கிடைக்காததால் ஒரு கிடங்கு கேட்டார். அங்கேதான் முதன்முதலாக ஸ்டூலைப் போட்டார். மழைக்காலத்தில் கருப்பட்டி வேர்த்து இளகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் வியாபாரி கேட்டது. இவர் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தது வேறு ஒன்று. ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பம் சுமக்கிற பெண்கள், தலைச்சுமையோடு ஒரு சரிவுப் பலகையில் ஏறி லாரிக்குள் போனார்கள். ஆளுக்கு ஒருநாளில் எத்தனை தடவை என்று எண்ணினார். ஒவ்வொருத்தி பெயரையும் கேட்டு எழுதினார்.

கிடங்கின் தரையை லாரித் தட்டின் உயரத்துக்கு உயர்த்தினார். அவ்வளவுதான் செய்தது. தரை உயர்ந்ததால் ஈரம் ஏறவில்லை, கருப்பட்டி வேர்க்கவில்லை. முதல் நாள் லாரி பின்னால் வந்து ஒட்டி நின்றதும் தாயம்மாள் என்கிற பெண் சுமையோடு நேராக நடந்து உள்ளே போனாள். இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடி வெறுங்கையோடு உள்ளே போனாள், வந்தாள். இன்னொரு தடவையும் போனாள்.

"என்னட்டி, சும்மா நடந்துக்கிட்டுக் கெடக்க?" என்று வியாபாரி கேட்டார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. ஏறாமப் போறது நல்லா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு வேலை வந்தது. திசையன்விளையில் முருங்கைக்காய் கட்டி அனுப்புகிற கொட்டகை, ஆற்றுப் பக்கம் ஒரு வாழைக்காய்க் கிடங்கு, ஒரு முந்திரி உடைக்கிற ஆலை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி குறைந்தது, யாரோ ஒரு ஆளுக்கு இருமல் நின்றது. ஆனால் அத்தனை வருஷத்தில் ரம்பப்பல் கூரையை மட்டும் அவர் தொடவே இல்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது தையல் கம்பெனி. பைபாஸ் ரோட்டுக்கு வெளியே இருநூறு பெண்கள் ஆயத்த ஆடை தைக்கிற இடம். தாழ்வான தகரக் கொட்டகை. கரண்டு போனால் மறு நிமிஷம் இருநூறு பேரும் வெளியே ஒற்றைப் புங்கமரத்துக்கு ஓடுவார்கள். உள்ளே இருட்டு, அதைவிடப் புழுக்கம். முதலாளி இளவயதுக்காரர், நல்ல பையன், புதிதாகப் பெரிய கட்டடம் கட்ட நினைத்தார். இதில் ஒரு சிக்கல். அவருக்கு முக்கூடல் மில் முதலாளி தாய்மாமா.

ஸ்டூலம்மா அங்கே மூன்று நாள் உட்கார்ந்துவிட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். வரிசையாகப் பல்.

"எம்மா, வேண்டாம். ஒருவாட்டி பட்டது போதும். ஊரு முழுக்க அந்தக் குடையத்தான் பேசுது இன்னும்."

"நூலு கோக்க வெளிச்சம் வேணும் அண்ணாச்சி. இதவிட நல்ல வெளிச்சம் ஒலகத்துல கிடையாது. கூரையில தப்பு இல்ல. நம்ம சூரியன எனக்குத் தெரியாமப் போச்சி, அதுதான் தப்பு."

"மறுபடியும் ஒரு குடை விரிஞ்சிட்டா?"

"விரிஞ்சா, இந்த ஸ்டூல ஒங்க பட்டறையில போட்டுட்டு, டவுன்ல உக்காந்து வீடு வரையப் போயிடுதேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தாளை மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணாடிக்கு மேலேயும் மூன்றடிச் சுளகு, ஓரத்தில் புழுக்கம் வெளியேற ஒரு திறப்பு. கீழே இருநூறு பெயர்கள் பென்சிலில் பொடிப்பொடியாக. கூரைமேல் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை ஒட்டி நடப்பதற்கு ஒரு பாதை, அதற்குக் கைப்பிடிக் கம்பி. அந்த இடத்தில் என் பெயர் எழுதியிருந்தது.

"இது எதுக்கும்மா?"

"சருகு அள்ள நீங்கதான மேல ஏறுவிய? விழுந்துரக் கூடாதுல்லா."

இருபத்தைந்து வருஷமாகக் கூரைமேல் ஏறுகிறேன். நான் விழுவேனா என்று ஒருத்தரும் யோசித்தது கிடையாது. தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்து, முதலாளியிடம் காட்டலாம் என்றேன்.

இளைய முதலாளி தாளைப் பார்த்ததும் நேராகக் கேட்டார்: "இது எங்க மாமா மில்லுல உள்ள கூரைதான?"

"ஆமா, அதேதான். அன்னைக்குத் தெரியாமப் போட்டேன். இன்னைக்குத் தெரிஞ்சி போடுதேன். நம்பிக்கை இல்லன்னா, தெறப்பு விழாவ ஆனி மாசம் உச்சிப்பொழுதுல வையுங்க. சூரியன் வடக்க எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போயிருக்க நேரம். மாமாவையும் கூப்பிடுங்க."

அந்தப் பையன் சிரித்தார், ஒத்துக்கொண்டார்.

ஆனி மாதம் வந்தது. காலையில் கணபதி ஹோமம். அது முடிந்ததும் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. வந்தவர்களுக்கு ஒரு பக்கம் சாப்பாடு. பதினொன்றரைக்கு மில் முதலாளி வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கறுப்புக் குடை. காரிலிருந்து கதவுக்கு நாலு எட்டு தூரம் கூட இல்லை. குடை எதற்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் உள்ளே நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஒவ்வொரு பல்லுக்குக் கீழேயும் போய் நின்றார். உள்ளங்கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். பன்னிரண்டு ஆனது, பன்னிரண்டே கால் ஆனது. நான் சாப்பிடக் கூடப் போகாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கேயாவது ஒரு சாண் அகலத்துக்கு வெயில் விழுந்தால் போச்சு. ஸ்டூலம்மா கடைசி வரிசையில், இஸ்திரி போடுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கூரையை அவர் பார்க்கவே இல்லை.

வெயில் விழவில்லை. இத்தனை வெளிச்சம், ஒரு துளி வெயில் இல்லை.

அப்போது கரண்டு போனது.

இருநூறு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் ஜெனரேட்டரைப் பார்க்க நாலு பேர் ஓடினார்கள். பழைய பழக்கத்தில் கதவோரம் இரண்டு பெண்கள் பாதி எழுந்தார்கள். எழுந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். வேறு யாரும் எழுந்திருக்கவே இல்லை. இருட்டவில்லை, புழுங்கவில்லை, ஏன் எழுந்திருக்க வேண்டும்? மில் முதலாளிக்கு முன்னால் இருந்த பெண் ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். ஒரே தடவையில் நூலைக் கோத்தாள்.

அவர் என் பக்கத்தில் வந்து பைய கேட்டார்: "கரண்டு போயிருக்குன்னா லைட்டு எப்படி வே எரியுது?"

"லைட்டு காலையிலேர்ந்து போடவே இல்ல மொதலாளி."

அவர் மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். குடை கையிலேயே மடங்கி இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் கேட் மூடியதும் இளைய முதலாளி கைதட்டினார். அதைப் பார்த்து இருநூறு பெண்களும் கைதட்டினார்கள். மெஷின் சத்தத்தைவிடப் பெரிய சத்தம். என் வாழ்நாளில் அப்படி ஒரு பெருமை நான் அனுபவித்தது இல்லை. அது எனக்கான கைதட்டல் இல்லை என்று தெரிந்தும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் என் போனில் மில் முதலாளி.

"அந்த ஆறு தகரம் செஞ்சி வச்சீரே, கெடக்கா வே?"

அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. "கெடக்கு மொதலாளி" என்றேன்.

"நாளைக்குக் கொண்டாந்து மாட்டிரும்."

எட்டு வருஷமாக நாக்கில் இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "மொதலாளி, நான் பிளான்ல உள்ளபடிதான் செய்வேன். பிளான் போட்டவங்க வராம நான் வர முடியாது."

போனில் இருமினார். "கூட்டிட்டு வாரும்" என்றார்.

மறுநாள் சுளகுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். கேட்டைத் தாண்டும்போது ஸ்டூலம்மாவின் கை ஸ்டூலை இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளே குழாய்க்குக் கீழே பேச்சியம்மா, தலைக்கு மேலே குடை. அது மூன்றாவது குடை. முந்தைய இரண்டும் வெயிலில் நைந்துபோயிருந்தன. பேச்சியம்மாவின் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது.

ஸ்டூலம்மா பழைய பிளானை ஒரு மூட்டைமேல் விரித்தார். அந்தத் தாளில் சுவர் இருந்தது, தூண் இருந்தது, அழகுக்கு நாலு மரமும் ஒரு காரும் இருந்தன. ஒரு பெயர் கூட இல்லை. பென்சிலை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தார்.

"இங்கன நிக்கப்போறது யாரு அண்ணாச்சி?"

முதலாளி தாளைக் குனிந்து பார்த்தார். "பேச்சியம்மா" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "காலைல ஏழு மணிக்கு வந்துரும். வலது கண்ணு கொஞ்சம் மங்கல். வெயில்னால இருக்கும்" என்றார்.

ஸ்டூலம்மா எழுதினார். ஆறு எழுத்து எழுத அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

நான் கூரைமேல் ஏறினேன். உச்சிப்பொழுது. ஒவ்வொரு சுளகாக மாட்டி முடுக்கினேன். ஒவ்வொன்றும் ஏற ஏற உள்ளே தரையில் கிடந்த வெயில் ஒவ்வொரு கீற்றாகக் காணாமல் போனது. ஆறாவது பல், பேச்சியம்மா தலைக்கு மேலே உள்ளது. கடைசி நட்டை முடுக்கிவிட்டுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். கீழே வட்டமாகக் கறுப்புக் குடை தெரிந்தது. ஒரு கை கயிற்று முடிச்சை அவிழ்த்தது. குடை ஆடியது, சுருங்கியது, பிறகு நரைத்த தலை ஒன்று அண்ணாந்து என்னைப் பார்த்தது.

இறங்கி வந்தபோது ஸ்டூலம்மா குழாய்க்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. முதலாளி எங்கேயோ நெல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

பேச்சியம்மா குடையை மடக்கி, தூசி தட்டி, சுவரில் ஆணியில் மாட்டினார். "மழைக்கு ஆவும்" என்றார். குழாயிலிருந்து அரிசி கொட்ட ஆரம்பித்தது. அவர் தொங்குகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"எம்மா, அந்த ஸ்டூலக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அழுங்க. மூட்டை வருது."